முண்ணாணும் அதன் காவலும்

மானிடப் பிறவியின் அருமையை எமது சமய நூல்கள் பலவாறாக எடுத்துக் கூறுகின்றன. உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூல நாயனார். எனவே ஆலய மலரிலே உடம்பைப் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெறுவது பொருத்தமே எனக் கருதி, மலர்க் குழுவினர் கேட்டபோது இத்தலைப்பைத் தெரிவு செய்தேன். வேறொரு காரணமும் உண்டு.

அடியேன் வைத்தியன் அல்லன். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் காரியாலயத்திலே பல ஆண்டுகள் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன். அங்கு இரண்டு காட்சிகளை மீண்டும் மீண்டும் காண நேர்ந்தது. கடுங் காய்ச்சலும் வலிப்புமாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைக்கு முதுகில் ஊசி ஏற்றி நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என வைத்தியர் சொன்னதும், "பிள்ளையின் கால் விளங்காமல் போய்விடும்" என்று அஞ்சிப் பெற்றோர் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட மறுப்பது ஒன்று. பனையிலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவரை நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின் இருக்கையில் மடக்கி இருத்தி, விரைவாகக் கொண்டுவந்து சேர்ப்பது மற்றையது. முன்னதிலே அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சம். பின்னதிலே அஞ்ச வேண்டிய இடத்தில் அச்சமின்மை. இரண்டுமே ஓர் உறுப்பின் அமைப்பை அறியாமையால் வருபவை. அவ்வுறுப்புத்தான் முண்ணாண்.

பெயரும் இடமும்

முள்ளந்தண்டு என்பது என்புத் தொடர். அதன் உள்ளே ஓடும் நரம்புத் தண்டே முண்ணாண். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முள், நாண் என்னும் இரு சொற்கள் புணர்ந்து முண்ணாண் என்றாயிற்று. எமது பாடசாலைப் புத்தகங்கள் இச்சொல்லையே ஆளுகின்றன. தமிழ்நாட்டார் தண்டுவடம் என்பர். 2009 இல் முடிவுற்ற போரிலே எறிகணைச் சிதறல்களால் இவ்வுறுப்புச் சேதமடைந்து சக்கர நாற்காலியில் வாழ்வோர் வன்னியிலே பலர் உளர். அவர்களிடையே முள்ளந்தண்டு வடம் என்ற பெயர் வழங்குகிறது. வடம் என்றதும் எமக்குத் தேர்வடமே நினைவுக்கு வரும். பல புரிகள் சேர்ந்து ஒன்றாகியது என்ற அளவில் உவமை சரியானதே. ஆனால் தேர்வடம் அறுந்தால் முடிந்து இழுக்கலாம். முண்ணாணின் புரிகள் அறுந்தால், கையிலும் காலிலும் உள்ள நரம்புகள் ஓரளவு மீள வளர்வது போல, அவை மீள வளர்ந்து பொருந்துவதில்லை.

மனிதருடைய முள்ளந்தண்டிலே பொதுவாக 33 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5, அதன்கீழ் ஒன்றாய் ஒட்டிப்போன 5, வாலடியிலே சுருங்கி ஒட்டிய 4. ஒவ்வொரு முள்ளென்பின் பின்புறத்திலும் வளையம் போன்ற ஒரு துளை உண்டு. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதும் அது ஒரு குழாயாகிறது. முண்ணாண் அக்குழாயினுள் மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் இரு பக்கமும் பிரிகின்றன: கழுத்தில் 8, நெஞ்சில் 12, நாரியில் 5, அதன்கீழ் 5, வாலடியில் 1.

கணக்குப் புத்தகத்தோடு காலம் கழித்தவனுக்கு இங்கு ஒரு முரண் கண்ணில் படும். கழுத்தில் என்பு ஏழு, நரம்பு எட்டு. இது அச்சுப்பிழை அன்று. முதலாவது இணை, மண்டையோட்டுக்கும் முதலாவது கழுத்தென்புக்கும் இடையால் வெளிவருகிறது. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் ஏழாவது என்பின் கீழால் வருவது எட்டாவதாகும். நெஞ்சிலிருந்து கீழே ஒவ்வொரு நரம்பும் தன் பெயருக்குரிய என்பின் கீழாலேயே வெளிவருவதால் கணக்குச் சரியாகிவிடும்.

வளர்ந்த ஆணொருவரின் முண்ணாண் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளமுடையது. எமது பழைய அளவில் ஒரு முழம். பெண்களில் இதிலும் சற்றுக் குறைவு. பருமன் சுண்டு விரல் அளவு, நிறை ஏறக்குறைய 35 கிராம். கழுத்தின் கீழே இரு கைகளையும் நடத்தும் அனைத்தும், மூச்சை இயக்கும் கட்டளைகளும், மலசலத்தை அடக்கும் ஆற்றலும் இந்த 35 கிராமினூடாகவே செல்கின்றன.

இனி, முக்கியமான விடயத்துக்கு வருவோம். முள்ளந்தண்டு ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர். முண்ணாணோ 45 தான். அப்படியாயின் அது குழாயின் அடிவரை எட்டுவதில்லை என்பது வெளிப்படை. தாயின் கருவிலே மூன்றாம் மாதம் வரையில் இரண்டும் ஒரே நீளம். அதன்பின் என்பு விரைந்து வளர, நாண் பின்தங்கிவிடுகிறது. பிறக்கும்போது முண்ணாணின் நுனி நாரியின் மூன்றாவது என்பளவில் நிற்கும். வளர்ந்தவரில் அது முதலாவது, இரண்டாவது நாரியென்புகளுக்கு இடையில் முடிந்துவிடும். அதற்குக் கீழே குழாயினுள் இருப்பவை, தமக்குரிய துளைகளைத் தேடிக் கீழ்நோக்கித் தொங்கும் நரம்பு வேர்கள் மாத்திரமே. அக்கற்றையைப் பார்த்த பழைய உடற்கூற்றியலாளர் குதிரைவால் எனப் பெயரிட்டனர். நல்ல பெயர்.

மூன்று உறைகள்

முண்ணாணை என்பு மாத்திரம் காக்கவில்லை. என்புக்கு உள்ளே மூன்று சவ்வுகள் அதனைச் சுற்றியுள்ளன. வெளியில் இருப்பது தோல்போலத் தடித்து உறுதியானது. இதனை வன்றாயி என்பர். நடுவில் இருப்பது சிலந்திவலை போன்ற மெல்லிய சவ்வு. மூன்றாவது, முண்ணாணோடு ஒட்டி அதன் ஒவ்வொரு மடிப்பிலும் படிந்திருக்கும் மென்றாயி.

வன்மையான தாய், மென்மையான தாய் என்னும் இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன எனத் தேடியபோது சுவையான செய்தியொன்று கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டிலே பாரசீகத்தில் வாழ்ந்த அலி இப்னு அல்அப்பாஸ் அல்மஜூசி என்ற வைத்தியர் அரபு மொழியில் எழுதிய பெருநூலில் இச்சவ்வுகளை மூளையின் தாய் எனக் குறிப்பிட்டார். ஒன்றைச் சூழ்ந்து காப்பதையும் ஒன்றோடு உறவுடையதையும் தாய் எனச் சொல்வது அரபு வழக்கு. அந்நூலை 1127 இல் அந்தியோக்கியாவைச் சேர்ந்த ஸ்டீபன் என்பவர் இலத்தீனுக்குப் பெயர்த்தார். தடித்த தாய் 'டியூரா மேற்றர்' ஆயிற்று. மெல்லிய தாய் 'பையா மேற்றர்' ஆயிற்று. அன்பும் பக்தியும் உடைய தாய் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். உலகமெங்கும் வைத்திய மாணவர் இன்றும் சொல்வது இப்பெயரையே.

இத்தகைய சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சி எமது மண்ணிலே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவருக்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. தமிழில் விஞ்ஞானம் சொல்ல இயலாது என்போருக்கு இது ஒன்றே போதிய மறுமொழி. எனினும் அது வேறு கட்டுரைக்குரியது.

வன்றாயிக்கும் என்புக்கும் இடையில் கொழுப்பும் மெல்லிய நாளங்களும் நிறைந்த ஒடுங்கிய வெளியொன்று உண்டு. இது வெளிப்புற மெத்தை. சிலந்திவலைச் சவ்வுக்கும் மென்றாயிக்கும் இடையில் வேறொரு வெளி உண்டு. அதிலே தெளிந்த நீர் போன்ற பாய்பொருள் நிறைந்திருக்கிறது. மூளைய முண்ணாண் பாய்பொருள் என்பது இதன் முழுப்பெயர். முண்ணாண் இதிலே மிதந்துகொண்டிருப்பதனாலேயே நாம் குனிந்தாலும் குதித்தாலும் அது என்பிலே மோதி நசிவதில்லை. அங்குமிங்கும் அலையாதபடி மென்றாயியிலிருந்து புறப்படும் பல்வரிசை போன்ற இழைகள், இருபக்கமும் பொதுவாக 21 இணைகளாக, வன்றாயியோடு அதனைப் பிணைக்கின்றன. நுனியிலிருந்து ஒரு மெல்லிய நார் வாலடி என்பு வரை சென்று கீழே கட்டிவைக்கிறது. நங்கூரமிட்ட தோணியின் நிலை எனலாம்.

இப்பாய்பொருள் தேங்கிக் கிடப்பதன்று. மூளையின் உள்ளறைகளிலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் சுரக்கிறது. எந்நேரமும் உள்ளே இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலீற்றரே. ஆகவே நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் பழையது உறிஞ்சப்பட்டுப் புதியது நிறைகிறது. முதுகில் நீர் எடுத்தால் நாரி வற்றிப்போகும் என்று சொல்வோர் இக்கணக்கைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த ஒருவரில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் சுரக்கும்போது, பரிசோதனைக்காக எடுக்கும் சில மில்லிலீற்றர், நோயாளி கட்டிலில் திரும்பிப் படுப்பதற்குள் பாதி நிறைந்துவிடும் என்று சொன்னாலும் பெரிதும் மிகையாகாது.

முதுகில் ஏற்றும் ஊசி

முண்ணாண் நாரியின் முதலிரண்டு என்புகளுக்கு இடையில் முடிகிறது எனக் கண்டோம். ஆனால் பாய்பொருள் நிறைந்த பையோ அதனோடு முடியாமல், ஒட்டிப்போன கீழென்புகளில் இரண்டாவது வரை தொடர்கிறது. ஆகவே இடையில், நீர் உண்டு, நரம்பு வேர்கள் உண்டு, முண்ணாண் இல்லை என்னும் ஒரு நீண்ட இடம் இருக்கிறது. வைத்தியர் ஊசி ஏற்றுவது இந்த இடத்திலேதான்.

இடுப்பென்புகளின் மேல் விளிம்புகளை இரு கைகளாலும் தொட்டு, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால் அக்கோடு ஏறக்குறைய நான்காவது நாரியென்பின் மேல் செல்லும். வைத்தியர் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது இதனையே. நோயாளியை இறாலைப் போல வளைந்து படுக்கவோ, குனிந்து இருக்கவோ சொல்வது, என்புகளின் இடைவெளி விரிவதற்காக. ஊசி தோல், கொழுப்பு, என்புகளைப் பிணைக்கும் இழையங்கள், கொழுப்பு வெளி, வன்றாயி, சிலந்திவலைச் சவ்வு என்ற வரிசையிற் சென்று பாய்பொருளை அடைகிறது. அங்குள்ள நரம்பு வேர்கள் நீரில் ஆடும் பாசியிழை போன்றவை. ஊசி வரும்போது பெரும்பாலும் விலகிக்கொடுக்கும். ஒரு வேரைத் தொட்டுவிட்டால் காலிலே மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு சுண்டல் தோன்றி மறையும். கைக்குழந்தைகளில் முண்ணாண் சற்றுக் கீழே முடிவதால் ஊசியையும் கீழ் இடைவெளியிலேயே ஏற்றுவர்.

இவ்வழியை 1891 இல் உலகறியச் செய்தவர் ஜேர்மனியின் கீல் நகரத்து வைத்தியர் ஹைன்றிக் குயிங்கே. அதே நகரத்தில் 1898 ஓகஸ்ற் மாதத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் ஓகஸ்ற் பீயர், அவ்வழியால் விறைப்பு மருந்தைச் செலுத்தி நோயாளியின் காலில் சத்திரசிகிச்சை செய்தார். மருந்தின் தன்மையைத் தாமே அறிய விரும்பித் தம் உதவியாளர் ஹில்டபிராண்டைக் கொண்டு தம் முதுகிலும் ஊசி ஏற்றுவித்தார். மருந்துக்குழல் ஊசியோடு பொருந்தாமல் பாய்பொருள் ஒழுகிவிட்டது. பின்னர் ஹில்டபிராண்டின் முதுகில் மருந்தை ஏற்றி, முழங்காலின் கீழ் இரும்புச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார், அவருக்கு நோகவில்லை. அன்றிரவு இருவரும் மகிழ்ச்சியாக உணவருந்தினராம். மறுநாள் தொடங்கிய தலையிடி பீயரைப் பல நாள் படுக்கையிற் கிடத்தியது. எழுந்தால் தலையிடி, படுத்தால் சுகம். ஊசித் துளையால் பாய்பொருள் கசிவதே காரணம் என அவர் சரியாகவே ஊகித்தார். இன்றைய ஊசிகள் மிக நுண்ணியவை. ஆகவே அத்தலையிடி குறைவு. வந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும்.

இக்காலத்தில் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறும் தாய்மாருக்குப் பெரும்பாலும் இம்முறையிலேயே விறைப்பூசி ஏற்றுகின்றனர். பிரசவத்தின் பின் நாரி நோ வந்தால் பழியை அந்த ஊசியின் மேலே போடுவது எமது பெண்களின் வழக்கம். வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதையும், குனிந்திருந்து பாலூட்டுவதையும், பிள்ளையைத் தூக்குவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காய்ச்சற் பிள்ளையின் விடயம் இதிலும் அவசரமானது. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த இதே உறைகளிலே கிருமி தொற்றினால் காய்ச்சல், வாந்தி, பிடரி விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மயக்கம் என்பன தோன்றும். கைக்குழந்தையில் பிடரி விறைப்புத் தெரியாமலும் இருக்கலாம். பால் குடியாமை, ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல் என்பவற்றைப் பார்க்க வேண்டும். காரணம் பற்றீரியாவா, வைரசா, காசநோயா என்பதை வெளியிலிருந்து சொல்வது கடினம். எடுத்த நீர் தெளிவாக உள்ளதா, கலங்கியுள்ளதா, அதிலே எத்தகைய கலங்கள் உள்ளன, வெல்லம் எவ்வளவு குறைந்துள்ளது என்பன பார்த்தே எந்த மருந்தை எத்தனை நாளைக்குக் கொடுப்பது என முடிவு செய்கின்றனர். மூளையில் அமுக்கம் கூடியிருப்பதாகச் சந்தேகம் இருந்தாலோ, குருதி உறையும் தன்மை குறைந்திருந்தாலோ, ஊசி ஏற்றும் இடத்தில் புண் இருந்தாலோ வைத்தியர்களே இதனைத் தவிர்ப்பர் அல்லது பிற்போடுவர். அவற்றைப் பற்றிப் பெற்றோர் கேள்வி கேட்பது நியாயம். இதனால் கால் போய்விடும் என்று மறுப்பது நியாயமன்று. கால் போவதும், காது கேளாமற் போவதும், உயிர் போவதும் சிகிச்சை பிந்திய நோயினாலேயே.

குருதி வரும் வழி

இதுவரை சொன்னவை முண்ணாணின் பலம். இனி அதன் பலவீனம். என்பும் மூன்று உறைகளும் நீரும் காவலிருக்கும் இவ்வுறுப்புக்குக் குருதி கொண்டுவரும் வழிகள் மிக ஒடுங்கியவை.

நாடி என்ற சொல்லிலே இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எமது யோக நூல்கள் முள்ளந்தண்டோடு சேர்த்துச் சொல்லும் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்பனவும் நாடிகளே. உடற்கூற்று நூலில் இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயும் நாடியே. சொல் ஒன்று, பொருள் வேறு. சுழுமுனையே முண்ணாண் என்று எழுதும் கட்டுரைகளை மலர்களில் அடிக்கடி பார்க்கிறோம். சாதகத்தால் உணர வேண்டியதைக் கத்தியால் வெட்டிக் காட்ட முற்படுவது சமயத்துக்கும் நன்றன்று, விஞ்ஞானத்துக்கும் நன்றன்று என்பது அடியேனின் கருத்து.

முண்ணாணின் நீளத்துக்கு மூன்று நாடிகள் இறங்குகின்றன. முன்புறத்தில் ஒன்று, பின்புறத்தில் இரண்டு. கழுத்தென்புகளினூடாக மூளைக்கு ஏறும் இரு நாடிகளிலிருந்து ஒவ்வொரு கிளை பிரிந்து, ஒன்றாகச் சேர்ந்து முன் நாடியாகிறது. முண்ணாணின் முன் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒற்றை நாடியையே நம்பியிருக்கிறது. பின் மூன்றில் ஒரு பங்கைப் பின்னுள்ள இரண்டும் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு முழ நீளத்துக்கு மேலிருந்து வரும் ஒரு வாய்க்கால் போதுமா? போதாது. குளத்து வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டாதது போலவே இதுவும். அதனால் வழியிலே பக்க வாய்க்கால்கள் வந்து சேர்கின்றன. கருவில் ஒவ்வொரு நரம்போடும் ஒரு கிளை வரும். வளர்ந்தபின் பெரும்பாலானவை சுருங்கி, முன் நாடிக்கு வந்து சேர்பவை 6 முதல் 10 வரையிலேயே எஞ்சும். அவற்றுள் பெரியதை 1880களின் தொடக்கத்தில் ஆராய்ந்து விவரித்தவர் கிராக்கோ நகரில் பேராசிரியராயிருந்த அல்பேட் அடம்கீவிச். அந்நாடிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலானோரில் அது இடப்பக்கத்தில், நெஞ்சென்புகளின் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் பெருநாடியின் கிளையிலிருந்து பிரிந்து உள்ளே நுழைகிறது. கீழ் முண்ணாணின் பெரும்பகுதிக்கு இதுவே ஆதாரம். நெஞ்சின் நடுப்பகுதியிலோ கிளைகள் குறைவு. மேலிருந்து வரும் குருதியும் கீழிருந்து வரும் குருதியும் மெலிந்து சந்திக்கும் இடம் அது. குருதி அமுக்கம் நெடுநேரம் விழுந்துவிட்டால் முதலில் வாடக்கூடிய வயலும் அதுவே.

முன் நாடி அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தால் இப்பங்கீடு கண்கூடாக விளங்கும். கால்கள் அசையா. ஊசியாற் குத்தினாலும் சுடுநீர் பட்டாலும் தெரியாது. ஆனால் நோயாளியின் கண்ணை மூடச் செய்து கால் பெருவிரலை மேலே மடக்கினால், "மேலே" என்று சரியாகச் சொல்லிவிடுவார். அங்கங்கள் எந்நிலையில் உள்ளன என்ற செய்தி முண்ணாணின் பின்பகுதியாற் செல்கிறது. அங்கே பின் நாடிகள் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கின்றன.

பெருநாடியிலே சத்திரசிகிச்சை செய்யும்போது இப்பக்கக் கிளைகள் தடைப்பட நேர்வதுண்டு. அப்போது நிபுணர்கள் கையாளும் வழியொன்று, உறையும் நீரும் குருதியும் எப்படி ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதைக் காட்டும். நாரியில் மெல்லிய குழாயொன்றைச் செருகிப் பாய்பொருளைச் சிறிது சிறிதாக வடியவிடுவர். கூடவே குருதி அமுக்கத்தை உயர்த்தி வைப்பர். முண்ணாணுக்குள் குருதியைத் தள்ளுவது நாடியின் அமுக்கம். அதற்கு எதிராக நிற்பது சூழவுள்ள பாய்பொருளின் அமுக்கம். முன்னது குறைந்தாலும் பின்னது கூடினாலும் நாணுக்குப் பட்டினியே.

திரும்பிச் செல்லும் நாளங்களைப் பற்றி ஒன்று மாத்திரம் சொல்லலாம். முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளப் பின்னலிலே, காலிலுள்ள நாளங்களிற் போன்று, ஒருவழிக் கதவுகள் இல்லை. எனவே இருமினாலும் முக்கினாலும் குருதி எப்பக்கமும் செல்லும். இடுப்புக்குள் இருக்கும் சுக்கிலச் சுரப்பியின் புற்றுநோய் முள்ளென்புகளுக்குப் பரவுவதற்கு இது வழியாகிறது என 1940 இல் விளக்கியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் பற்சன். என் வயதை ஒத்தவர்கள், புதிதாகத் தோன்றி இரவிலும் விடாத முதுகு நோவை எண்ணெய் பூசிக் காலந்தள்ளக் கூடாது. அதுபோல், நாரி நோவோடு சலம் கட்டிக்கொண்டாலோ, மலவாயிலைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் விறைத்தாலோ, முன்னர் சொன்ன குதிரைவால் நெரிபடுகிறது என்று பொருள். அதற்கு நாள் பார்க்க முடியாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

விழுந்தவரைத் தூக்குதல்

உயரத்திலிருந்து விழுந்தவரின் முண்ணாணுக்கு இரண்டு கட்டமாகக் கேடு நேர்கிறது. விழுந்த கணத்தில் என்பு உடைந்தோ விலகியோ நாணை நசிப்பது முதற்கேடு. அதை எவரும் தடுக்க முடியாது. அடுத்த நிமிடங்களிலும் மணித்தியாலங்களிலும் வருவது இரண்டாங்கேடு. நசிந்த இடம் வீங்கும்; ஆனால் வீங்குவதற்கு அங்கே இடமில்லை. சுற்றிலும் என்பு, அதற்குள் இழுபடாத வன்றாயி. இதுவரை காவலாக இருந்தவையே இப்போது சிறையாகிவிடுகின்றன. நுண்ணிய நாடிகள் நெரிபட, அருகே நசியாமல் தப்பியிருந்த பகுதியும் குருதியின்றி வாடத் தொடங்கும். கழுத்திலோ மேல் நெஞ்சிலோ அடிபட்டிருந்தால், குருதிக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கட்டளையும் அறுபட்டுக் குருதி அமுக்கம் விழுந்துவிடும். அந்நிலையில் ஒருவரை நிமிர்த்தி இருத்தினால் அமுக்கம் மேலும் விழும். உடைந்த என்புகள் மடங்கி, பாதி அறுந்த நாணை முழுதாக அறுத்துவிடவும் கூடும். விழுந்தபோது கால்விரலை ஆட்டியவர் வைத்தியசாலை வாசலில் ஆட்ட முடியாதவராவது இப்படித்தான்.

எமது ஆலயத்திலே திருவிழாவுக்கு முன்னர் பந்தற்காலில் ஏறுவோர், கோபுரத்துக்கு மின்குமிழ் கட்டுவோர், தேர்முட்டிக் கூரையைத் திருத்துவோர் பலர். ஊரிலே பனையும் தென்னையும் ஏறுவோர் உளர். ஆகவே தொண்டர் சபை இளைஞர்கள் பின்வருவனவற்றை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

விழுந்தவர் பேசினால் முதலில் அசைய வேண்டாம் எனச் சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையைப் பக்கவாட்டில் பிடித்து, இருக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்திருக்க வேண்டும். இழுத்து நிமிர்த்தக் கூடாது. தலையின் கீழே தலையணை வைப்பதும், எழுப்பி இருத்திச் சோடா பருக்குவதும், நடக்க முடிகிறதா எனப் பார்ப்பதும் ஆகாதன. மோட்டார் சைக்கிளில் விழுந்தவராயின், மூச்சுக்குத் தடையில்லாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதன்மை மூச்சு. மூச்சு நின்றிருந்தால் முள்ளந்தண்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மூச்சுக்கும் நெஞ்சுக்கும் உரிய முதலுதவியையே செய்ய வேண்டும். நெருப்பு, மின்கம்பி, இடிந்து விழும் சுவர் போன்ற ஆபத்து அருகில் இல்லையாயின் அவ்விடத்தை விட்டு நகர்த்தவே வேண்டாம். கிணற்றில் விழுந்தவரை, நீர் தாங்குவதைப் பயன்படுத்தி, முகம் மேலே இருக்கக் கழுத்தும் முதுகும் ஒரே நேராய்ப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம்.

1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தென்னிலங்கையில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் விரிவாக்கப்பட்டது. அழைக்கும்போது உயரத்திலிருந்து விழுந்தவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். வேறு வழியே இல்லாமல் நாமே கொண்டுசெல்ல நேர்ந்தால் ஓட்டோ வேண்டாம். கதவுப் பலகையோ, நீண்ட வாங்கோ, ஆள் நீளத்துக்கு வளையாத வேறு ஏதேனுமோ எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலைக்கு, மற்றவர்கள் ஒரே பக்கத்தில் தோள், இடுப்பு, முழங்கால் என வரிசையாக. தலையைப் பிடித்தவரே கட்டளை இட வேண்டும். அவர் எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில், மரக்குற்றியை உருட்டுவது போல், உடம்பு முறுகாமல் பக்கவாட்டில் திருப்ப, இன்னொருவர் பலகையை முதுகின் கீழே செருக வேண்டும். பின் அதே கட்டளையில் மெதுவாகத் திரும்பப் படுத்த வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் சுருட்டிய துவாய்களை வைத்து, தலையையும் நெஞ்சையும் இடுப்பையும் சேலைத் துண்டுகளால் பலகையோடு கட்டிவிடலாம். சிறிய லொறியிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ பலகையோடு ஏற்றி, பள்ளம் திட்டி பார்த்து மெதுவாகச் செலுத்த வேண்டும். குளிர் படாமல் போர்த்திவிடுங்கள். உணர்வற்ற தோலுக்கு வெப்பம் தெரியாது, ஆதலால் சுடுநீர்ப் போத்தல் வைக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் கையளிக்கும்போது நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு உயரம், விழுந்தவுடன் கால்விரலை ஆட்டினாரா, காலைத் தொட்டபோது தெரிந்ததா. இவற்றை ஒரு கடதாசித் துண்டில் நேரத்தோடு குறித்துக் கொடுத்தல் இன்னும் நன்று.